டிகிரி இல்லாமலே ஐடி வேலை... தென்காசி மத்தளம்பாறையில் அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?

குற்றாலத்தில் சாரல் ஆரம்பிச்சா சென்னையில் இருந்து தென்காசிக்கு ரயில் ஏறுறவங்க ஒரு கூட்டம். லீவு முடிஞ்சு, அம்மா கட்டிக்கொடுத்த பொடி டப்பாவோட பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குத் திரும்புற தென்காசிப் பிள்ளைகள் இன்னொரு கூட்டம். 'படிச்சா ஊரைவிட்டுப் போகணும்' என்பது இந்தப் பக்கம் எழுதப்படாத சட்டம். அதில் விழுந்த சின்ன ஓட்டைதான் மத்தளம்பாறை.

தென்காசிக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் கிராமம் இது. 2011-ல் ஜோஹோ நிறுவனம் இங்கே அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான 'ஜோஹோ டெஸ்க்' மென்பொருள் உருவானது இங்கேதான். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவில் இருந்து இந்த ஊருக்கே குடிவந்தார். அவர் வேட்டி கட்டி சைக்கிள் ஓட்டும் போட்டோக்களை நீங்க நிறைய பார்த்திருப்பீங்க. அதை விடுவோம். பிளஸ் டூ முடிச்ச ஒரு பையனோ பொண்ணோ இந்த மாதிரி இடத்தில் எப்படி வேலை கத்துக்கிறாங்க, எப்படி நிலைச்சு நிக்கிறாங்க? இதுதான் நாம் பார்க்க வேண்டிய விஷயம்.

6 பேரோடு தொடங்கிய வகுப்பு

ஜோஹோவின் பழைய பெயர் அட்வென்ட்நெட். அந்தக் காலத்தில், 2005-ல், 6 மாணவர்களை வைத்து ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அது 'ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங்'. சென்னையிலும் தென்காசியிலும் நடக்குது. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடிச்சவங்க தேர்வு, நேர்காணல் வழியாகச் சேரலாம். கட்டணம் கிடையாது. படிக்கும்போதே மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை தர்றாங்க.

முதல் கட்டத்தில் புரோகிராமிங், கணிதம், ஆங்கிலம். அதன் பிறகு நேராக நிறுவனத்தின் ஒரு குழுவுக்குள் பயிற்சிக்கு அனுப்பிடுறாங்க. விஷயமே இந்த இரண்டாவது கட்டத்தில்தான் இருக்கு. 18 வயசுப் பிள்ளை, பல வருஷம் அனுபவம் உள்ள சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமான வாடிக்கையாளர் பயன்படுத்தும் மென்பொருளில் கை வைக்குது. தப்பு பண்ணினா காரணம் சொல்ல ஆள் பக்கத்திலேயே இருக்கு.

இது தென்காசிக்குப் புதுசும் இல்லை. இந்தப் பகுதியில் பீடி சுற்றும் பெண்கள் யாரும் புத்தகம் பார்த்துக் கத்துக்கலை. அம்மாவோ பெரியம்மாவோ மடியில் தட்டை வைத்துச் சுற்ற, பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டாங்க. தச்சுப் பட்டறையில் ஆசாரிக்கு உளி எடுத்துக்கொடுக்கும் பையனும் அப்படித்தான். கத்துக்கிற முறை அதேதான். கிடைக்கிற கூலியும் மேலே போற வழியும்தான் வேற.

ஜோஹோ ஊழியர்களில் சுமார் 15 சதவீதம் பேர் இந்தப் பள்ளி வழியாக வந்தவர்கள் என்று நிறுவனத் தரப்பு சொல்லி வந்திருக்கிறது. முதலில் மாணவராக வந்தவர் சில வருஷத்தில் புதுசா வர்றவங்களுக்குச் சொல்லித் தர்ற இடத்துக்கு வந்துடுறார். தனக்கு ஒருத்தர் பொறுமையா சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறவர்தானே அடுத்தவருக்கும் சொல்லிக்கொடுப்பார்?

(தமிழ் இலக்கியம் படிச்சுட்டு டிஜிட்டல் டெஸ்க்குக்கு வந்தவன் நான். நான் எழுதிய முதல் தலைப்பை அழிச்சுட்டு, ஏன் அழிச்சேன்னு பத்து நிமிஷம் விளக்கிய ஒரு சீனியர் இல்லைன்னா இன்னைக்கு இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன். அந்தப் பத்து நிமிஷம் எல்லா அலுவலகத்திலும் கிடைக்கிறது இல்லை.)

நேரம் எங்கிருந்து வருது?

சீனியருக்குச் சொல்லிக்கொடுக்க மனசு இருந்தா மட்டும் போதாது, நேரம் வேணும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு காட்டியே தீரணும் என்ற நெருக்கடியில் ஓடும் கம்பெனியில் முதலில் காலியாவது அந்த நேரம்தான். ஜோஹோ வெளி முதலீட்டாளர்களிடம் பணம் வாங்காத, பங்குச்சந்தைக்குப் போகாத தனியார் நிறுவனம். அதனால் இரண்டு வருஷம் கழித்துப் பலன் தரப்போகும் ஒரு பிள்ளைக்கு இன்றைக்கே செலவு செய்ய முடிகிறது.

2024 நவம்பரில் வேம்பு வெளியிட்ட ஒரு பதிவும் பேசப்பட்டது. கையில் ஏராளமாகப் பணம் இருந்தும், வளர்ந்துகொண்டே இருந்தும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் நிறுவனம், ஊழியர்களிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். 2025 ஜனவரியில் அவர் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பில் இருந்து விலகித் தலைமை விஞ்ஞானி ஆனபோது, அந்த நாற்காலிக்கு வந்தவர் வெளி ஆள் இல்லை. இணை நிறுவனர் சைலேஷ் குமார் டேவி. மேலே போக கதவு உள்ளுக்குள்ளேயே இருக்கு என்று கீழே இருப்பவருக்குத் தெரிவது, சுவரில் ஒட்டும் வாசகங்களைவிடப் பெரிய விஷயம்.

அப்போ பிரச்னையே இல்லையா?

இருக்கு. இங்கே படிச்சு முடிச்சா பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்காது. அரசு வேலைக்கு, வங்கித் தேர்வுக்கு, வெளிநாட்டு விசாவுக்குப் பட்டம் கேட்கும் இடங்கள் ஏராளம். அதோட, தென்காசி வட்டாரத்தில் இந்த அளவுக்கு வேறு மென்பொருள் நிறுவனமும் இல்லை. ஒரே நிறுவனத்தை நம்பி 18 வயசில் முடிவெடுக்கிறது பெற்றோருக்குப் பயமாத்தான் இருக்கும். அந்தப் பயம் நியாயமானதுதான்.

என் கருத்து இது: சேர்வதாக இருந்தால், தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டத்தையும் கூடவே முடித்துவிடுவது நல்லது. கத்துக்கிட்ட தொழில் மட்டும் ஊரைவிட்டுப் போனாலும் கூட வரும். ஜோஹோவில் பல வருஷம் வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் வெளியே வந்து 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கி, அமெரிக்கப் பங்குச்சந்தை வரை கொண்டுபோனார்.

மத்தளம்பாறைக்குப் போறவங்க கொஞ்சம் பேர்தான். மத்தவங்க எந்த ஊரில், எந்த வேலையில் முதல்முறை சேர்ந்தாலும் நேர்காணலில் சம்பளத்தோட இதையும் கேளுங்க: "எனக்கு யார் சார் சொல்லித் தருவாங்க? அவங்க இங்கே எத்தனை வருஷமா இருக்காங்க?" சட்டுன்னு ஒரு பெயர் வந்தா தைரியமா சேரலாம். 'நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்'னு பதில் வந்தா, இன்னும் இரண்டு இடத்தில் விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க.