நெஞ்சில் அடைப்பு, கையில் வலி: ஏன்?

மரக்காணத்தில் உப்பு வாருகிறவருக்குக் கைவலியும் வியர்வையும் அன்றாடம். மாரடைப்பும் அதே வேஷத்தில் வருவதுதான் சிக்கல்.

வேலையால் வந்த வலி கையை அசைத்தால் கூடும்; இடத்தை விரலால் தொட்டுக் காட்டலாம். மாரடைப்பில் பலர் உள்ளங்கையால் நடுநெஞ்சைப் பொத்துவார்கள். பாரம் ஏற்றியதுபோல் அழுத்தும். தோள், இடது கை, தாடை வரை பரவும். நிழலில் உட்கார்ந்திருந்தாலும் சில்லென்று வியர்க்கும். சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் மூச்சுமட்டும் வாங்கலாம்.

கைக்கு என்ன சம்பந்தம்? இதயத்தின் வலி நரம்புகளும் கையின் உட்புற நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நுழைகின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளை தடுமாறுகிறது. இதயத்தின் அடிப்பகுதி பாதிக்கப்பட்டால் மேல்வயிறு வலித்து வாந்தியும் வரும். ‘கேஸ்தான்’ என்று நம் ஆண்கள் சோடா குடித்துப் படுப்பது அப்போதுதான். ஆனால் ரத்தம் நின்ற இதயத் தசை அரைமணிக்குள்ளேயே சாகத் தொடங்கிவிடும்.

உடனே 108. வலி வந்தவரே பைக்கை ஓட்டக் கூடாது. பெரிய முதலியார்சாவடி ஊருக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை பக்கம். மரக்காணத்துக்கோ முப்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருப்பவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் உதவும்: 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வழியில் மூச்சுப்பேச்சின்றிச் சாய்ந்தால், நடுநெஞ்சில் இரு கைகளால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.