அணி மாறியவனின் பிரதி

அணி மாறிய சிப்பாயைத் ‘துரோகி’ன்னு ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அவன் தரும் நியாயத்தைப் பிரதியாக வாசித்தால் விஷயம் அவ்வளவு லேசில் முடிவதில்லை.

ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியை எடுத்துக்கொள்வோம். பின்னாளில் ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிப்போன அதே ஆள்தான். வேல்ஸில் ஏழை விடுதியில் வளர்ந்து அமெரிக்கா போனவர். அங்கே உள்நாட்டுப் போரில் தெற்கின் படையில் சேர்ந்தார். 1862 ஏப்ரலில் ஷைலோ சண்டையில் பிடிபட்டு, சிகாகோவின் டக்ளஸ் முகாமில் அடைபட்டார். ஜூனில் வடக்கின் படையில் சேர்ந்தார்; சில நாட்களிலேயே நோயாளி என்று விடுவிக்கப்பட்டார்.

அவர் இறந்தபின் 1909இல் வெளியான சுயசரிதையில் புனைவு எவ்வளவு என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு உண்டு. இருக்கட்டும், நமக்கு வேண்டியது அதிலுள்ள நியாயம். தெற்கில் சேர்ந்தது, யாரோ உள்பாவாடையைப் பொட்டலம் கட்டி அனுப்பிய அவமானத்தால். வடக்கில் சேர்ந்தது, முகாமில் பேதியிலும் காய்ச்சலிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்ததால். முதலாவது ஆண்மை பற்றிய சொல்லாடல், அடுத்தது உயிர்ப்பயம். இரண்டிலும் ‘நான் தேர்ந்தேன்’ என்கிற தன்னிலை இல்லை. எனவே ‘துரோகம் செய்தேன்’ என்பதும் இல்லை. சாகக் கிடப்பவனிடம் விசுவாசம் கேட்க நமக்குத்தான் என்ன யோக்கியதை?

ஆனால் பிரதியின் மௌனம் வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் போர் யாரை முன்னிட்டு மூண்டதோ அந்தக் கறுப்பு அடிமைகள், ஏறத்தாழ 40 லட்சம் பேர், அவர் சேர்ந்ததற்கும் காரணமில்லை, மாறியதற்கும் காரணமில்லை. அவர்களால் வெள்ளைச் சகோதரர்களுக்குள் ஏன் சண்டை என்பது அவருக்குப் புதிர், அவ்வளவுதான். 1879இலிருந்து பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்காகக் காங்கோவில் வேலை பார்த்தவரும் இவரே.

சீருடை மாற்றியதை மன்னித்துவிடலாம். அடிமையின் பக்கம் என்று ஒன்று இருந்ததே அவர் கண்ணில் படவில்லையே, அதற்கு அந்தப் பிரதியில் நியாயம் கிடையாது.