பழைய சக்கரங்கள் – 19: பனியில் இறங்கிய பந்தயக் கார்

கார்புரேட்டரும் சோக்கும் முடிந்துவிட்டன. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்டத் தேவையில்லை. பனி நாட்டு ரோட்டில் கொட்டும் உப்பு பழைய காரின் தகரத்தை எப்படித் தின்கிறது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். உப்பு கொஞ்சம் காத்திருக்கட்டும். டயரின் அகலம் என்னைப் பிடித்துக்கொண்டது.

1968 ஜனவரி. மாண்டி கார்லோ ராலியில் விக் எல்ஃபோர்டு ஓட்டிய போர்ஷே 911 டி முதலிடம் பிடித்தது. ஆல்ப்ஸ் மலை வளைவுகள், ராத்திரி நேரம், ரோட்டில் பனி. அடுத்த இரண்டு ஆண்டுகளும் பியோர்ன் வால்டகோர்டு அதே 911-இல் வென்றார். பனிக்காகவே செய்த வண்டி மாதிரி தெரிகிறது, இல்லையா? 1963-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் வைத்தபோது அது ஐரோப்பிய நெடுஞ்சாலையில் சீறிப் போவதற்கான ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் கால 911 ஷோரூமிலிருந்து வெளியே வந்தபோது அதன் டயர் அகலம் வெறும் 165 மில்லிமீட்டர். நம் கோவை சத்தி ரோட்டில் தினமும் நூற்றுக்கணக்கில் போகிற ஸ்விஃப்டின் அடிப்படை மாடலிலும் இதே 165தான். இன்றைய 911-இன் பின் டயர் 300 மில்லிமீட்டரை ஒட்டி வந்துவிட்டது.

இதை விளாங்குறிச்சி ரோட்டில் நான் வழக்கமாக வண்டி விடுகிற ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஜாக்கி லீவரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங்ண்ணா, டயரு பட்டையா இருந்தாத்தானுங்க ரோட்டப் புடிக்கும்? சன்ன டயர மாட்டி பனியில உட்டா வழுக்காதுங்களா?"

நியாயமான கேள்வி. தார் ரோட்டில் அவர் சொல்வதே சரி. பனியில் கணக்கு மாறுகிறது. வண்டியின் எடை மாறுவதில்லை. டயர் குறுகினால் அதே எடை கொஞ்ச இடத்தில் இறங்குகிறது. மேலே கிடக்கிற பொலபொலப்பான பனியை அது கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தரையைத் தொட்டுவிடுகிறது. அகல டயர் பனியின் மேலேயே மிதக்கும். இன்றைக்கும் சுவீடன் உலக ராலியில் சன்ன டயர்தான் மாட்டுகிறார்கள். ஒவ்வொன்றிலும் 380-ஐ ஒட்டி இரும்பு ஆணிகள் துருத்திக்கொண்டு நிற்கும். ஆணி வேலை செய்வதற்கும் இதே அழுத்தம் வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன். பனி டயரின் பட்டனில் நெருக்கமாகச் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும். அவற்றில் பனி அடைத்துக்கொள்வது நல்லது. பனியைப் பனி பிடிக்கும். ரப்பர் பிடிப்பதைவிட நன்றாகவே பிடிக்கும். அவர் பக்கத்தில் கிடந்த மொட்டை டயரைத் தூக்கி, தேய்ந்துபோன பட்டன் மேல் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தார். "அப்ப இது அங்க ஒரு நிமிசம் நிக்காதுங்க" என்றார்.

நிற்காதுதான். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது பிரேக் அடித்தால், காய்ந்த தார் ரோட்டில் சுமார் 12 மீட்டரில் வண்டி நிற்கும். அழுந்திய பனியில் அதே வண்டிக்கு 50 மீட்டர் வேண்டும். வழவழப்பான ஐஸில் 100 மீட்டர். கணபதி பக்கமிருந்து வந்து சரவணம்பட்டி சிக்னலைப் பிடிக்கிறவர்கள் அந்த 100 மீட்டரை மனசில் அளந்து பாருங்கள். இதிலும் ஒரு விசேஷம்: கடுங்குளிரில் ஐஸ் கொஞ்சம் பரவாயில்லை. மைனஸ் 20 டிகிரியில் ஐஸ் காய்ந்து கிடக்கும், ரப்பருக்குக் கொஞ்சமாவது பிடி கிடைக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டி, உருகலாமா வேண்டாமா என்று இருக்கும்போதுதான் மேலே தண்ணீர்ப் படலம் உட்கார்ந்து ஆளைக் கவிழ்க்கும். மார்கழி, தையில் தலைகுந்தாவில் உறைபனி பார்க்க விடியற்காலையில் கார் எடுத்துப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். புல்வெளி வெள்ளையாக இருக்கும்போது, நிழல் விழுகிற வளைவில் ரோடும் சும்மா இருக்காது.

911-க்குத் திரும்புகிறேன். இஞ்சின் பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. ஓட்டுகிற சக்கரங்கள் மேலேயே பாரம் இருப்பதால் பனியேற்றத்தில் சக்கரம் வெறுமனே சுழலாமல் வண்டி ஏறும். காற்றால் குளிரும் இஞ்சின். ரேடியேட்டரே கிடையாது, உறைந்துபோகத் தண்ணீரும் இல்லை. ஆனால் வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தீர்களானால் பாரம் முன்னால் ஓடிவிடும், பின்பக்கம் லேசாகும், வண்டி சுற்றிக்கொண்டு போகும். பனியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவர் கற்கும் முதல் பாடம் இது. நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட வேண்டும். மெதுவாகத் திருப்ப வேண்டும். திரும்பத் தொடங்கியதும் சன்னமாக ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்பக்கம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும், ஒடித்த வேகத்தில் திரும்ப எடுக்கவும் வேண்டும். வண்டி சறுக்குவதைக் கண்ணுக்கு முன்னால் இடுப்பு சொல்லிவிடும் என்பார்கள் ராலிக்காரர்கள்.

அந்த இடுப்பு செய்த வேலையைத்தான் பிற்பாடு ஒரு பெட்டி செய்தது. இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத இன்னொரு கதை அது.

1989 பிப்ரவரி, சுவீடன். ஃபிராங்க் வெர்னர் மோன் என்ற இளம் மெர்சிடிஸ் பொறியாளர் குளிர்காலச் சோதனைக்காகப் போனவர், ஐஸில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். இழுவை வண்டி வரும்வரை வேறு வேலை இல்லை. உட்கார்ந்த இடத்தில் யோசித்தார்: 1978-இல் வந்த ஏபிஎஸ் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து விடுகிறது, வண்டி பக்கவாட்டில் சுற்றுவதை அளந்து சொல்ல ஒரு கருவி இருந்தால், ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்கிவிடலாமே! அளக்கும் கருவிக்கு எங்கே போவது? பொம்மை ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கி, அதைப் பிரித்து, உள்ளே இருந்த கைரோஸ்கோப்பை எடுத்துக் காரில் வைத்தார்கள். யோசனை சரிதான் என்று அது காட்டிக்கொடுத்தது, வேகம்தான் போதவில்லை. அடுத்ததாக அவர்களுக்குக் கிடைத்தது ஸ்கட் ஏவுகணையின் கைரோஸ்கோப். உறைந்த ஏரி மேல் சோதனை நடந்தது. கார் ஓட்டுவதில் கெட்டிக்காரர் என்று யாரும் சொல்லாத ஒரு மேலதிகாரியிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தார்கள். கருவியோடு ஓட்டி, கைதேர்ந்த டிரைவர்களுக்கு ஈடாக வந்து சேர்ந்தார். கருவியை அணைத்ததும் முதல் வளைவிலேயே பாதையை விட்டுப் போய்விட்டார். 1995-இல் மெர்சிடிஸ் காரில் பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த ஈஎஸ்பி இதுதான்.

பாஷுக்கு சுவீடனில் ஆர்யெப்லாக் என்ற குளிர்ப் பிரதேசத்தில் உறைந்த ஏரிகளோடு கூடிய சோதனைக் களம் இருக்கிறது. அதே பாஷின் மென்பொருள் வளாகம் நம் சரவணம்பட்டியை ஒட்டி, கீரணத்தத்தில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அந்த ரோட்டில் போகிற அடையாள அட்டைக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆடியில் காற்றும் ஐப்பசியில் மழையும் தவிர வேறொன்றும் இறங்காத ஊரிலிருந்து, உலகத்துக் கார்களுக்கான கம்ப்யூட்டர் வேலை போகிறது. பம்பு செட்டும் மோட்டாரும் செய்த ஊர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்ட ஜி.டி. நாயுடுவின் ஊர், கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார் கட்டிய ஊர். இங்கே இது நடப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் ஒருமுறையாவது ஈஎஸ்பி இல்லாத பழைய காரைப் பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கருவி எதைச் செய்கிறது என்பது அது இல்லாதபோதுதான் உடம்பில் ஏறும்.

மறுபடியும் ராலிக்கு வருகிறேன். மாண்டி கார்லோவில் வேடிக்கை பார்க்கிறவர்களும் ஆபத்துதான். பனி இல்லாத வளைவில் அவர்களே பனியை அள்ளி ரோட்டில் வீசுவார்கள், கார் சறுக்குவதைப் பார்க்க. 2005-இல் கோல் டி டூரினியில் அப்படிக் கிடந்த பனியில்தான் மார்கஸ் குரோன்ஹோமும் பெட்டர் சோல்பெர்கும் சறுக்கிச் சுவரில் மோதிச் சக்கரத்தை இழந்தார்கள். இரண்டு பேருமே உலக சாம்பியன்கள். ராலிக் குழுக்கள் பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்னால் ஆளை அனுப்பி, எந்த வளைவில் ஐஸ், எங்கே ஈரம் என்று வழிக்குறிப்பில் குறிக்கச் சொல்கின்றன. வேடிக்கைக்காரர்கள் அதற்குப் பிறகு வீசுவதை யார் குறிப்பது? இதை விளையாட்டு என்று என்னால் மன்னிக்க முடியவில்லை.

உப்புக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. அடுத்த வாரம் கட்டாயம்: உப்புத் தண்ணீர் மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது, பழைய 911-இன் அடித்தகடு எந்த இடத்தில் முதலில் பொத்தலாகும், நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் கடலோரம் நிற்கிற அம்பாசடர்களுக்கும் அதே கதிதானா என்று பார்ப்போம்.