மருந்தும் மறதியும்

எழுபது வயதைத் தாண்டிய பாட்டி அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து போனால், “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். அவளுடைய மருந்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பாரில்லை.

ஊமத்தங்காயைத் தின்றவன் சித்தங் கலங்கிப் பிதற்றுவான் என்பதைக் கிராமவாசிகள் அறிவார்கள். வடமொழியில் அச்செடிக்குப் பெயரே ‘உன்மத்தம்’. நமது மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டுபோகும் தூதர்களுள் ஒன்று அஸெடில்கோலின் என்னும் ரஸாயனப் பொருள். ஞாபகத்துக்கு அதன் உதவி இன்றியமையாதது. ஊமத்தையின் விஷம் அந்தத் தூதனை வழிமறிக்கிறது. விசித்திரம் என்னவென்றால், நாம் சர்வ சாதாரணமாக விழுங்கும் சில மாத்திரைகளும் சிறிய அளவில் அதே காரியத்தைத்தான் செய்கின்றன! ஜலதோஷத்துக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின், டைபன்ஹைட்ரமின். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின். அடிக்கடி சிறுநீர் போவதைத் தடுக்கும் ஆக்ஸிபியூடினின் ஆகியவை இந்த வர்க்கம். வாய் உலர்வதும் மலச்சிக்கலும் இவற்றின் அடையாளங்கள்.

அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 3,434 பேரைச் சராசரி 7 வருஷங்களுக்கு மேல் கவனித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். 797 பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் கண்டது. இம்மருந்துகளைத் தினந்தோறும் மூன்று வருஷங்களுக்கு மேல் சாப்பிட்டதற்குச் சமமான அளவு உட்கொண்டவர்களுக்கு, தொடாதவர்களைவிட அந்த அபாயம் சுமார் 54 சதவிகிதம் அதிகமாக இருந்தது.

மருந்துதான் குற்றவாளி என்று இதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மறதி நோய் வெளிப்படுவதற்குப் பல வருஷங்கள் முன்பே மனச்சோர்வு தலைகாட்டுவதுண்டு. அதற்காகத்தானே மருந்து சாப்பிடுகிறார்கள்! 2019-ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் சர்வகலாசாலையார் இன்னும் பெரிய கணக்கு எடுத்தபோது, மனச்சோர்வு மருந்துகளுக்கும் மூத்திரப்பை மருந்துகளுக்கும் சம்பந்தம் தென்பட்டது. ஜலதோஷ மாத்திரை வகைக்குத் தென்படவில்லை. அதற்காக அதைப் பாட்டிக்குத் தாராளமாகக் கொடுக்கலாமா? கூடவே கூடாது. மறதி நோய் பிற்காலத்து விஷயம்; அன்றிரவே தலை சுற்றிக் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொள்வது கைமேல் பலன்.

ஒரு வைத்தியர் எழுதியது மற்றொருவருக்குத் தெரியாமல் போவதும், கடையில் சீட்டில்லாமல் வாங்குவதும் சேர்ந்து, சிறு துளிகள் பெருவெள்ளமாகிவிடுகின்றன. அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது பெட்டியை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். தாமாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று விட்டால் தூக்கமின்மையும் குமட்டலும் வந்து சேரும். வைத்தியர் மெள்ள மெள்ளக் குறைத்து, வேறு மருந்து மாற்றிக் கொடுப்பார். மருந்தினால் மட்டும் வந்த குழப்பமாயிருந்தால், பல சமயங்களில் பழைய தெளிவு திரும்பிவிடுவதுண்டு.