எல்லா வலியும் வாயு அல்ல, எல்லா ரத்தமும் மூலம் அல்ல

கீழப்பாவூர்ப் பக்கம் வயிற்றுக்கு இரண்டே நோய்தான். வலித்தால் வாயு, ரத்தம் போனால் மூலச்சூடு. “வாயுல்லா அது, ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்” என்று திண்ணையிலேயே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். பல நேரம் அது பலித்தும் விடுவதால் யாரும் மேற்கொண்டு யோசிப்பதில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று இருக்கக்கூடும். அதற்கு டைவர்டிகுலர் நோய் என்று பெயர்.

பெருங்குடலின் தசைச்சுவரை ரத்தக்குழாய்கள் துளைத்துச் செல்லும் இடங்கள் சற்றுப் பலவீனமானவை. மலம் இறுகி, குடலுக்குள் அழுத்தம் கூடினால், தேய்ந்த டயரில் டியூப் பிதுங்குவதுபோல அங்கே உள்சவ்வு சின்னப் பையாகப் புடைக்கிறது. பை இருப்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் வராது. பை வீங்கிச் சீழ்கட்டினாலோ, ஓட்டை விழுந்தாலோ, அதன் ரத்தக்குழாய் உடைந்தாலோதான் ஆபத்து.

மேலைநாட்டுப் புத்தகங்கள் இதை இடது அடிவயிற்று வலி என்று எழுதுகின்றன. ஆசியர்களுக்கோ வலப்பக்கப் பெருங்குடலிலும் இந்தப் பைகள் அதிகம். அங்கே வீங்கினால் அச்சு அசல் குடல்வால் வலி மாதிரியே இருக்கும். சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். ரத்தப்போக்கு இன்னும் ஏமாற்றும். வலியே இல்லாமல் திடீரென நிறையப் போகும். மூலம் என்று நினைத்து, பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டிய ‘ஆபரேஷன் இல்லாமல் மூலம் குணம்’ நோட்டீஸை நம்பிப் போகிறவர்கள் இழப்பது பணத்தை மட்டுமல்ல, நேரத்தையும்தான்.

நம் ஊருக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. இங்கே வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். நாள் முழுக்கக் குனிந்தே இருந்தால் இடுப்பும் கழுத்தும் வலிக்காமல் என்ன செய்யும்? மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், இபுபுரூபன் வகை மாத்திரைகள்தான் அந்த வலிக்குத் துணை. இந்தப் பைகளில் ரத்தம் கசியவும் ஓட்டை விழவும் உள்ள வாய்ப்பைக் கூட்டுபவை அவையே. பீடி குடிப்பதும் அதே வேலையைச் செய்யும். இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பழைய பயம் இருக்கிறது: கடலையும் விதையும் பைக்குள் போய் அடைத்துக்கொள்ளுமாம். அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வில் கொட்டைகள், சோளம், பாப்கார்ன் எதுவும் நோயைக் கூட்டவில்லை. ஆகவே நிலக்கடலையை விலக்க வேண்டாம். குறைக்க வேண்டியது மைதாவை. குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்கள் ஒருநாள் பரோட்டா தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். இங்கேயே இருக்கிற நமக்கு அது தினசரி இரவு உணவாகிவிட்டது. பாவூர்சத்திரம் சந்தையே பக்கத்தில் இருக்க, சீனியவரைக்காய்க்கும் முருங்கைக்கீரைக்கும் சிறுபயறுக்கும் பஞ்சமா? நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீரோடு சேர்த்துக் கூட்டுங்கள். வீக்கம் வந்திருக்கும் நாட்களில் மட்டும் இதற்கு நேர்மாறு: டாக்டர் சொல்லும்வரை நீராகாரம்தான். பேதி மருந்தும் இனிமாவும் அப்போது வேண்டவே வேண்டாம்.

காய்ச்சலோடு ஒரே இடத்தில் நிலைத்த வலி, பலகைபோல் இறுகிய வயிறு, நிற்காத வாந்தி, மயக்கம் வருமளவு ரத்தம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனை பக்கம். அதற்கு மேலென்றால் திருநெல்வேலி மருத்துவக்கல்லூரி. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் முக்கூடலில் அவர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனையிலும் காட்டலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். தனியார் மருத்துவமனை என்றால், இந்தச் சிகிச்சை திட்டத்தில் உண்டா என்று சேரும்போதே 1800 425 3993-இல் கேட்டுவிடுவது நல்லது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேட்டுப் பயனில்லை.

ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைத் தமிழில் கேளுங்கள்: “வயித்துல பை வைக்க வேண்டி வருமா?” குடலை உடனே இணைக்க முடியாதபோது மலம் வெளியேறச் சில மாதங்களுக்கு வயிற்றில் பை பொருத்துவார்கள். கண் விழித்துப் பார்த்தபின் அதை அறிந்துகொள்ளும் நிலை நோயாளிக்கு வரக் கூடாது. மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிப்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தர வேண்டும். அவற்றைக் காட்டி இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கலாம். தனியார் மருத்துவமனையில் கவனக்குறைவு நடந்ததாகத் தோன்றினால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. கையில் காகிதம் இல்லாதவர் அங்கே போய் என்ன சொல்வது?

வலி போனதும் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்புவதில்லை. வீக்கம் அடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில், அண்மையில் கொலனோஸ்கோபி செய்யாதவர்களுக்குப் பெரும்பாலும் அதைச் செய்யச் சொல்வார்கள். ஸ்கேனில் வீக்கமாகத் தெரிந்தது சிலருக்குப் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதுதான் காரணம். வீட்டுக்குக் கிளம்புமுன் அந்தத் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.