இறையும் இறையிலியும்: வரிக்குறைப்பு என்னும் வாய்ப்பாடு

பொருளாதாரம் நிபுணர்களின் சமாச்சாரம், இலக்கியக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் ‘வரிச்சுமை’, ‘வரிச்சலுகை’, ‘வரிச்சீர்திருத்தம்’ ஆகிய மூன்றும் முதலில் சொற்கள். சுமை என்று சொன்ன மாத்திரத்தில் அதை இறக்கிவைப்பது நல்லது என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. வரியைக் குறைத்தால் வளர்ச்சி வரும் என்ற வாய்ப்பாடு விவாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மையாகிப்போனது இப்படித்தான். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

வழக்கமாகக் காட்டப்படும் சாட்சி இந்திய வருமான வரியின் வரலாறு. 1973-74ல் உச்ச அடுக்கின் வரி, மேல்வரியும் சேர்த்து, 97.75 சதவீதம். கூடுதலாகச் சம்பாதிக்கிற நூறு ரூபாயில் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். இதனால் சோஷலிசம் வந்துவிட்டதா? கறுப்புப் பணந்தான் பெருகியது. 1971ல் வாஞ்சூ குழு விகிதத்தை 75க்கு இறக்கச் சொல்லியிருந்தது. அதற்கும் முன்பு, 1956ல், கேம்பிரிட்ஜிலிருந்து வந்த நிக்கோலஸ் கால்டார் செல்வ வரி, செலவின வரி, நன்கொடை வரி எல்லாம் போடச் சொல்லிவிட்டு, வருமான வரியின் உச்சத்தை 45க்கு மேல் வைக்க வேண்டாம் என்றார். புது வரிகளை எடுத்துக்கொண்டார்கள், உச்சவரம்பை விட்டுவிட்டார்கள். ஆக, அந்த 97.75 வசூலுக்கான கருவியாக இயங்கவில்லை. பணக்காரர்களை அரசு தண்டிக்கிறது என்று காட்டுகிற குறியீடாக இயங்கியது.

பிறகு 1985-86ல் 50, 1992-93ல் 40, 1997-98ல் 30 என்று விகிதம் இறங்கியது. 1991ல் ராஜா செல்லையா தலைமையில் அமைந்த குழு சொன்னது இந்த வாய்ப்பாட்டைவிட நுட்பமானது: விகிதத்தைக் குறை, கூடவே விலக்குகளையும் குறை, வரி கட்டுகிறவர்களின் வட்டத்தை விரி. முதல் பாதியைப் பிடித்துக்கொள்வது சுலபம். ரெண்டாவது பாதியில்தான் அரசியல் இருக்கிறது.

சரி, வளர்ச்சி வந்ததா? வந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் தொழில் உரிம முறை போயிற்று, ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது, சில பொருள்களுக்கு 300 சதவீதத்தையும் தாண்டியிருந்த சுங்கத் தீர்வை சரிந்தது. இதில் வருமான வரிக்கு எத்தனை மார்க் போடுவது? மத்திய அரசின் மொத்த வரிவசூல் 1990-91ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2001-02ல் 8ஐ ஒட்டி விழுந்தது. வளர்ச்சி வேகம்பிடித்த பின், 2007-08ல், 12ஐ நெருங்கியது. வரிக்குறைப்பு வளர்ச்சியைக் கொண்டுவந்தது என்று இதை வாசிக்கலாம். வளர்ச்சி வரியைக் கொண்டுவந்தது என்றும் வாசிக்கலாம். இரண்டாவது வாசிப்பு ஏன் நம் காதில் விழுவதே இல்லை என்பதுதான் கேள்வி.

2019ஐ எடுத்துக்கொள்வோம். ஜூலையில் வந்த பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாட்டைச் சொன்னார். வயலில் புகுந்த யானை பற்றிய பாட்டு. பெரும் பணக்காரர்களுக்கு மேல்வரியும் கூடியது. செப்டம்பரில், விலக்குகளைக் கைவிடும் கம்பெனிகளுக்கு வரி 30லிருந்து 22 ஆயிற்று, புதிய உற்பத்தி ஆலைகளுக்கு 15. அரசு விட்டுக்கொடுக்கும் தொகை ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி என்று அரசே சொன்னது. 2019-20ன் வளர்ச்சி 4 சதவீதத்தை ஒட்டி நின்றுபோனது. கொரோனா ஊரடங்கு வந்தது அந்த நிதியாண்டின் கடைசி வாரத்தில்தான். ஆறே மாதத்தை வைத்துத் தீர்ப்பெழுதுவது நியாயமில்லை. ஆனாலும் காரணத்தை யோசிக்கலாம். அப்போது ஆலைகளின் உற்பத்தித்திறனில் 70 சதவீதங்கூடப் பயன்படவில்லை என்று ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பு காட்டியது. இருக்கிற இயந்திரமே சும்மா கிடக்கும்போது, வரி குறைந்தது என்பதற்காக எந்த முதலாளி புது இயந்திரம் வாங்குவான்? மிச்சப்பட்ட பணம் கடனை அடைக்கும், பங்காதாயமாகும். சரக்கை வாங்க ஆள் இருந்தால்தான் முதலீடு நடக்கும்.

அந்த ஆள் யார்? சோப்பு வாங்குகிற கூலிக்காரர். 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டியில் அந்தச் சோப்புக்கு அவருக்கும் முதலாளிக்கும் ஒரே விகிதம். நேர்முக வரியிலும் நிலைமை புரண்டுவிட்டது: 2023-24ல் கம்பெனிகள் கட்டிய வரி சுமார் 9.1 லட்சம் கோடி, தனிமனிதர்கள் கட்டியது சுமார் 10.4 லட்சம் கோடி. சுமை இறங்கவில்லை, தோள் மாறியிருக்கிறது.

தமிழில் ‘இறை’ என்ற ஒரே சொல் அரசனையும் கடவுளையும் வரியையும் குறிக்கிறது. அதன் மறுபக்கந்தான் சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’. ஒரு நிலம் இறையிலி ஆனால் அதன் வரி மாயமாகிவிடாது. பல கல்வெட்டுகளில் ஊர்ச்சபை முன்பணமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, அந்த நிலத்தின் இறையைத் தானே கட்டுவதாக எழுதிக்கொடுக்கிறது. யாருக்கு விலக்கு, அவருக்குப் பதிலாக யார் கட்டுவது என்ற இரண்டையும் சேர்த்தே கல்லில் வெட்டினார்கள். இன்றைய பட்ஜெட் உரைகளில் முதல் பாதி மட்டும் இருக்கிறது. மற்றதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.