உங்களுக்குத் தெரியுமா? – வலி சொல்லும் முகம்

● தரங்கம்பாடிக் கரையில் வலை பிரிக்கும்போது கெளுத்தி முள் ஏறினால் முகம் எப்படிப் போகும்? புருவம் இறங்கி நெருங்கும். கண்ணைச் சுற்றிய தசை இறுகும். மேலுதடு ஏறி மூக்கோரம் சுருங்கும். கண் மூடிக்கொள்ளும். கனடா ஆய்வாளர் கென்னத் பிரகாச்சின் மின்னதிர்ச்சி, குளிர், அழுத்தம், ரத்த ஓட்டத் தடை என நான்கு வகை வலியைக் கொடுத்துப் பார்த்து, 1992-இல் முடிவை வெளியிட்டார். எந்த வலியானாலும் முகத்தில் முக்கியமாக வந்தவை இந்த நான்கு அசைவுகளே. (கெளுத்தியின் விஷம் சூட்டில் வலுவிழக்கும். பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.)

● பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் யார் முகத்தையும் பார்த்துக் கற்றதில்லை. ஆனாலும் வலித்தால் அவர்கள் முகமும் இப்படித்தான் சுருங்குகிறது.

● பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத்தசைகளுக்கு மின்சாரம் கொடுத்து, வேதனை முகங்களைப் படமெடுத்து 1862-இல் வெளியிட்டார். படத்தில் இருக்கும் முதியவருக்கு முகத்தில் உணர்ச்சியே கிடையாது. அவரைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம். முகத்தில் வேதனை, ஆளுக்கு வலியில்லை! இப்படங்களில் சிலவற்றை டார்வின் 1872-இல் தம் நூலில் சேர்த்துக்கொண்டார்.

● நிஜ வலியா, நடிப்பா? 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பயிற்சி பெற்ற பிறகும் மனிதர்கள் 55 சதவீதமே சரியாகச் சொன்னார்கள். கணினி 85 சதவீதம் சொன்னது. நடிப்பவரின் வாய் ஒரே சீராகத் திறந்து மூடுவதே காட்டிக்கொடுத்தது.

● நம் பக்கத்து அம்மன் கோயில்களில் தீ மிதிப்பவர் முகத்தில் வலி தெரியவில்லை என்பதால் வலியே இல்லை என்று நினைக்காதீர்கள். மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை ஆய்வாளர் திமித்ரிஸ் ஸிகலாதாஸின் குழு ஆராய்ந்தது (2013). வலித்ததாக அதில் பங்கேற்றவர்களே சொன்னார்கள்; அதிகம் வலித்ததாகச் சொன்னவர்களே கோயிலுக்கு அதிகம் காணிக்கை போட்டார்கள்.

● ஊசி குத்தினால் சிரித்த ஒரு நோயாளியை வேலூரில் பார்த்ததாக நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் சொல்லியிருக்கிறார். “வலி தெரிகிறது டாக்டர், ஆனால் வேதனையாக இல்லை” என்பது அந்த நோயாளி சொன்னதன் சாரம். வலியை அறியும் பகுதியும் அதற்காகப் பதறும் பகுதியும் மூளையில் வெவ்வேறு. இரண்டுக்கும் நடுவே தொடர்பு அறுந்தால் இப்படி ஆகும் என்பது ராமச்சந்திரனின் விளக்கம்.

● இதைப் படித்தால் மனம் பதறும். 1980-கள் வரை பச்சைக் குழந்தைகளுக்குப் பல மருத்துவமனைகளில் போதிய வலிமருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை நடந்தது. சிசுவுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்ற நம்பிக்கைதான் காரணம். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்ததால் குழந்தையின் முகம்கூடச் சுருங்க வழியில்லை, அழவும் முடியாது. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த், முகத்தை விட்டுவிட்டு ரத்தத்தைப் பார்த்தார். போதிய வலிமருந்து பெறாத சிசுக்களின் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் கடுமையாக ஏறியிருந்தன; சிக்கல்களும் அதிகம். 1987-இல் அவர் வெளியிட்ட முடிவுகள் உலகெங்கும் மருத்துவர்களின் வழக்கத்தை மாற்றின. நம் நாட்டு மருத்துவர்களில் பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டியவர் இவர்.

● நினைவு மங்கிய பெரியவர்களிடம் “எங்கே வலிக்குது?” என்று கேட்டால் பல நேரம் பதில் வராது. ஆனால் மறதி நோய் முகத்தின் வலிக் குறிகளைப் பெரும்பாலும் அழிப்பதில்லை. குளிப்பாட்டும்போதும் புரட்டிப் படுக்க வைக்கும்போதும் அவர்கள் புருவத்தையும் கண்ணோரத்தையும் கவனியுங்கள். பார்த்ததை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.